கலப்பும் வேகமும்: பந்தயக் குதிரை சொல்லும் பாடம்

‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. தோட்டத்து வீடுகளில் இப்பழமொழியை நாம் அடிக்கடி கேட்கிறோம். பிள்ளை நன்றாகப் படித்தால், ‘அப்பனின் மூளை’ என்று மகிழ்கிறோம். படிப்பில் பின்தங்கினால், ‘நம் பரம்பரையிலேயே படிப்பு இல்லையே, இவனுக்கு மட்டும் எங்கிருந்து வரும்?’ என்று சொல்லிக் கைவிட்டு விடுகிறோம். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை? பிறப்பு ஓர் உயிருக்கு எதைக் கொடுக்கிறது? எதைக் கொடுப்பதில்லை?

இவ்வினாவுக்கு விடை காண நமக்கு உதவக்கூடிய உயிர் ஒன்று உண்டு. அதுவே பந்தயக் குதிரை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதன் தாய் யார், தந்தை யார், பாட்டன் யார் என்பதெல்லாம் ஏட்டில் எழுதப்பட்டு வருகின்றன. அதன் ஓட்டமோ கடிகாரத்தால் அளக்கப்படுகிறது. ஆகவே, இனக்கலப்பினால் வேகம் கூடுமா, குறையுமா என்பதை ஊகத்தால் அன்றி, ஆதாரத்தோடு ஆராய முடிகிறது. மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் இதனைப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

கலப்பில் பிறந்த ‘தூய’ இனம்

உலகின் பெரும் பந்தயங்களில் ஓடும் குதிரைகளைத் ‘தரோபிரெட்’ என்பர். ‘தூய முறையில் வளர்க்கப்பட்டது’ என்பது அப்பெயரின் பொருள். ஆனால், வியப்பு என்னவென்றால், இந்தத் ‘தூய’ இனமே கலப்பில் பிறந்ததுதான்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கீழை நாடுகளிலிருந்து பல ஆண் குதிரைகள் இங்கிலாந்துக்குக் கொண்டு வரப்பட்டன. அவற்றுள் மூன்று புகழ்பெற்றவை. முதலாவது, பையர்லி என்னும் படைத்தலைவரின் போர்க்குதிரையாக இருந்த ‘பையர்லி துருக்கி’. இரண்டாவது, சிரியா நாட்டு அலெப்போ நகரில் வாழ்ந்த தாமஸ் டார்லி என்னும் ஆங்கிலேயர் 1704இல் தம் ஊருக்கு அனுப்பிய ‘டார்லி அராபி’. மூன்றாவது, 1724ஆம் ஆண்டளவில் பிறந்து, பிரான்சு வழியாக இங்கிலாந்து சேர்ந்த ‘கோடால்பின் அராபி’. இம்மூன்றாம் குதிரை பாரிசு நகரத் தெருக்களில் தண்ணீர் வண்டி இழுத்ததாக ஒரு கதையும் வழங்குகிறது. அது கதையாகவே இருக்கலாம். ஆயினும், இன்றுள்ள தரோபிரெட் குதிரைகள் அனைத்தும் தந்தைவழியில் இம்மூன்றில் ஒன்றனையே மூதாதையாகக் கொண்டவை என்பது கதை அன்று, உண்மை. அவற்றுள்ளும் மிகப் பெரும்பாலானவை டார்லி அராபியின் வழித்தோன்றல்களே.

தந்தையரைப் போற்றும் உலகம் தாயரை மறந்துவிடுவதுண்டு. அக்காலத்து இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஏற்கனவே ஓட்டத்திற்குப் பெயர் பெற்ற பெண் குதிரைகள் இருந்தன. கீழை நாட்டு ஆண் குதிரைகளை இந்த உள்ளூர்ப் பெண் குதிரைகளோடும் பிற நாட்டுப் பெண் குதிரைகளோடும் சேர்த்ததன் விளைவே புதிய இனம். அதன் குட்டிகளில் வேகமானவற்றை மட்டும் தேர்ந்து, மீண்டும் மீண்டும் இணைசேர்த்து வந்தனர். டார்லி அராபியின் வழியில் நான்காம் தலைமுறையாக 1764இல், சூரிய கிரகணத்தன்று பிறந்தது ‘எக்லிப்ஸ்’ என்னும் குதிரை. எக்லிப்ஸ் என்றால் கிரகணம். 1769, 1770 ஆகிய ஆண்டுகளில் அது 18 பந்தயங்களில் ஓடியது, ஒன்றிலும் தோற்கவில்லை.

1791இல் ஜேம்ஸ் வெதர்பி என்பார் இக்குதிரைகளின் குலவரலாற்றை முதன்முதலாக நூலாக வெளியிட்டார். பின்னர், பதிவு பெற்ற பெற்றோருக்குப் பிறந்த குட்டியே பதிவு பெறும் என்னும் விதி நிலைபெற்றது. கலப்பினால் உண்டான இனம், அதன்பின் கலப்புக்கு வாசலை அடைத்துக்கொண்டது.

வேகம் உடலில் எங்கே இருக்கிறது?

கலப்பு என்ன செய்கிறது என்பதை அறியுமுன், வேகம் என்பது என்ன என்று அறிதல் வேண்டும். வேகம் ஓர் உறுப்பில் மட்டும் உறைவதன்று.

பந்தயக் குதிரையின் இதயம் சாதாரணமாக நான்கு அல்லது ஐந்து கிலோ எடையுள்ளது. ஓய்வில் நிமிடத்திற்கு 30 முதல் 40 முறை துடிக்கும் அது, முழு ஓட்டத்தில் 220 முறைக்கு மேல் துடிக்கும். ஓடத் தொடங்கியதும் குதிரையின் மண்ணீரல் தான் சேமித்து வைத்திருக்கும் சிவப்பணுக்களை இரத்தத்தில் கலக்கிறது. அதனால் இரத்தம் கூடுதலான உயிர்வளியைச் சுமக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என, மூச்சும் காலும் தாளம் தவறாமல் இயங்குகின்றன. தரோபிரெட் குதிரையின் உடல் எடையில் பாதிக்கு மேல் தசையே ஆகும்.

2008இல் அமெரிக்காவில் ‘வின்னிங் புரூ’ என்னும் இரண்டு வயதுப் பெண் குதிரை, இரண்டு பர்லாங்கு தூரத்தை மணிக்கு 70.76 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. மனிதருள் மிக வேகமானவரான உசேன் போல்ட் 2009இல் ஓடியபோது எட்டிய உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீட்டரே என்பதை மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதயம், நுரையீரல், தசை, எலும்பு, நரம்பு, மன உறுதி ஆகிய எல்லாம் கூடியே வேகம் பிறக்கிறது. இவை ஒவ்வொன்றையும் பல மரபணுக்கள் பாதிக்கின்றன. ஆகவே, ‘வேக இரத்தம்’ என்று ஒரே பொருள் எதுவும் இல்லை.

கலப்பு செய்யும் வேலை

ஒவ்வொரு குட்டியும் தன் மரபணுக்களில் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெறுகிறது. எந்தப் பாதி வந்து சேரும் என்பது ஒவ்வொரு பிறப்பிலும் மாறும். ஆதலால்தான் உடன்பிறந்தார் இருவர் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. தசை மிகையாக வளராமல் கட்டுப்படுத்தும் ‘மையோஸ்டேட்டின்’ என்னும் மரபணு, குதிரைகளில் இரு வடிவங்களில் காணப்படுகிறது என்று அயர்லாந்து நாட்டு டப்ளின் நகர ஆய்வாளர்கள் 2010இல் அறிவித்தனர். ஒன்றைக் ‘குறுந்தொலைவு வடிவம்’ என்றும், மற்றொன்றை ‘நெடுந்தொலைவு வடிவம்’ என்றும் நாம் அழைப்போம்.

பெற்றோர் இருவரிடமிருந்தும் குறுந்தொலைவு வடிவத்தைப் பெற்ற குதிரை திரண்ட தசையோடு வளர்ந்து, 1,000 முதல் 1,600 மீட்டர் வரையான பந்தயங்களில் சிறக்கிறது. இருவரிடமிருந்தும் நெடுந்தொலைவு வடிவத்தைப் பெற்ற குதிரை 2,000 மீட்டருக்கு மேற்பட்ட பந்தயங்களில் சிறக்கிறது. ஒன்றில் ஒன்றாக இரண்டையும் பெற்ற குதிரை நடுத்தர தூரங்களுக்கு ஏற்றதாகிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வகை ஆண் குதிரையையும் இரண்டாம் வகைப் பெண் குதிரையையும் சேர்த்தால், குட்டிகள் எல்லாம் நடுத்தர வகையே. ஆனால், நடுத்தர வகைக் குதிரைகள் இரண்டைச் சேர்த்தால், சராசரியாக நான்கு குட்டிகளில் ஒன்று குறுந்தொலைவு வகை, இரண்டு நடுத்தர வகை, ஒன்று நெடுந்தொலைவு வகை. ஒரே பெற்றோருக்குப் பிறந்தவற்றுள்ளும் இத்தனை வேறுபாடு!

இதனினும் சுவையான செய்தி 2012இல் வெளிவந்தது. குறுந்தொலைவு வடிவம் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஒரே ஒரு மூதாதைக் குதிரையிலிருந்து தரோபிரெட் இனத்திற்குள் வந்திருக்க வேண்டும் என்றும், அது பெரும்பாலும் பிரிட்டன் தீவைச் சேர்ந்த ஓர் உள்ளூர்ப் பெண் குதிரையாக இருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கண்டனர். எக்லிப்ஸ் காலத்துப் பந்தயங்களில் நான்கு மைல் தூரத்தை ஒரே நாளில் பலமுறை ஓட வேண்டியிருந்தது. அங்கே நெடுந்தொலைவுக் குதிரைக்கே மதிப்பு. பின்னாளில் பந்தயத் தூரம் குறைந்தபோது, அந்தப் பெயர் அறியாத தாய்க்குதிரையின் கொடைக்கு மதிப்பு வந்தது. வெளிநாட்டுத் தந்தையரின் பெயர்கள் ஏட்டில் நிற்கின்றன. ஆனால், இன்றைய குறுந்தொலைவுக் குதிரையின் பாய்ச்சலில் பெயரில்லாத ஒரு தாயின் பங்கும் இருக்கிறது.

கலந்தால் எப்போதும் வேகம் கூடுமா?

கூடாது என்பதே விடை. கலப்பினால் பிறக்கும் குட்டிகளிடம் உடல்நலமும் உரமும் கூடுவது பெரும்பாலும் உண்மை. ஒரு பெற்றோரிடம் மறைந்துள்ள குறையை மற்றவரின் நல்ல மரபணு மூடிக் காக்கிறது. ஆனால், உரம் வேறு, வேகம் வேறு.

அராபிக் குதிரை நீண்ட தூரம் களைப்பின்றி ஓடவல்லது. 160 கிலோமீட்டர் தூரத்தை ஒரே நாளில் கடக்கும் நெடும்பயணப் போட்டிகளில் அதுவே தலைசிறந்தது. தரோபிரெட் குதிரையை அராபிக் குதிரையோடு கலந்து பிரான்சு நாட்டில் ‘ஆங்கிலோ அராபி’ என்னும் இனத்தை வளர்த்தனர். அது தாங்கும் சக்தியிலும் தடை தாண்டுவதிலும் பெயர் பெற்றது. ஆனால், சமதரைப் பந்தய வேகத்தில் தரோபிரெட்டை வெல்லவில்லை. வேகத்தில் உச்சம் கண்ட இனத்தோடு அதனினும் வேகம் குறைந்த இனத்தைக் கலந்தால், குட்டியின் வேகம் பெரும்பாலும் இரண்டுக்கும் இடையிலேதான் நிற்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் குடியேறியவர்கள், ஸ்பானியர் கொண்டு வந்த குதிரைகளின் வழிவந்த உள்ளூர்க் குதிரைகளோடு இங்கிலாந்துக் குதிரைகளைக் கலந்தனர். அக்கலப்பில் பிறந்தவற்றுள், கால் மைல் தூரத்தில் மின்னலெனப் பாய்பவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். அவையே ‘குவார்ட்டர்’ குதிரைகள். குவார்ட்டர் என்றால் கால் பங்கு. அவற்றுள் சிறந்தவை, நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு 440 கஜ தூரத்தை 21 விநாடிக்குள் கடந்துள்ளன. ஆனால், ஒன்றரை மைல் ஓடச் சொன்னால் தரோபிரெட்டே முந்தும்.

ஆகவே, கலப்பு வேகத்தை உண்டாக்குவதில்லை. அது தேர்ந்தெடுப்பதற்குப் புதிய சரக்கை மட்டுமே கொண்டு வருகிறது. எந்த தூரத்திற்கு, எந்தக் குணத்திற்கு என்று நோக்கம் வகுத்துப் பல தலைமுறைகள் தேர்ந்தெடுத்த பின்னரே வேகம் நிலைபெறுகிறது.

பால்மரத்திலிருந்து ஒரு விளக்கம்

தோட்டத்தில் வாழும் நமக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. நம் பெற்றோர் வெட்டிய பால்மரங்களில் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் வகையை அறியாதார் இலர். அதுவும் கலப்பில் பிறந்ததே. ஜாவாத் தீவின் ‘சிர் 1’ என்னும் மரமும், சிலாங்கூரில் இருந்த பிராங் பெசார் தோட்டத்தின் ‘பி.பி. 86’ என்னும் மரமும் அதன் பெற்றோர். அக்கலப்பில் முளைத்த கன்றுகள் எல்லாமே நிறையப் பால் கொடுத்துவிடவில்லை. பல ஆண்டுகள் சோதித்து, தேறிய ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டனர்.

இதுவரை மரமும் குதிரையும் ஒன்றே. இனிமேல்தான் வேறுபாடு. சிறந்த மரம் ஒன்று கிடைத்துவிட்டால், அதன் கண்ணை எடுத்து வேறு கன்றில் ஒட்டி, அதே குணமுள்ள இலட்சக்கணக்கான மரங்களை உண்டாக்கலாம். பந்தயக் குதிரைக்கு அவ்வழி இல்லை. இயற்கையாக இணைசேர்ந்து பிறந்த குட்டியையே தரோபிரெட் பதிவேடு ஏற்கிறது. ஒவ்வொரு குட்டியும் புதிய கலவை. ஒவ்வொரு பிறப்பும் புதிய தொடக்கம்.

வாசலை அடைத்ததன் விளைவு

வெளிக்கலப்பு இல்லாத இனத்தில், புகழ்பெற்ற சில ஆண் குதிரைகளையே மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதால் நெருங்கிய உறவுக்குள் இணைசேர்வது மிகுதியாகிறது. கடந்த அரை நூற்றாண்டில் இது வளர்ந்து வருவதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. மறைந்துள்ள குறைகள் வெளிப்படவும், கருவுறும் ஆற்றலும் உடல் உறுதியும் குன்றவும் இது இடமளிக்கக்கூடும்.

வேகமும் எல்லையின்றி வளர்ந்துவிடவில்லை. இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயம் 1780இல் தொடங்கியது. 1936இல் ‘மகமூது’ என்னும் குதிரை அதனை 2 நிமிடம் 33.8 விநாடியில் ஓடியது. அதனை முந்த 1995 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2010இல் ‘ஒர்க்போர்ஸ்’ என்னும் குதிரை எடுத்துக்கொண்ட நேரம் 2 நிமிடம் 31.33 விநாடி. எழுபத்து நான்கு ஆண்டுகளில் கிடைத்த முன்னேற்றம் மூன்று விநாடிக்கும் குறைவு! ஆனால், குறுந்தொலைவுப் பந்தயங்களில் வேகம் இன்னும் கூடி வருவதாக 2015இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. குறுந்தொலைவுக்கே மதிப்பு மிகுந்து, அதற்கேற்ற குதிரைகளையே வளர்ப்போர் நாடுவது இதற்கு ஒரு காரணமாகலாம்.

பிறப்பா, வளர்ப்பா?

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம்.

1961இல் கனடாவில் ஒரு குட்டி பிறந்தது. உருவத்தில் சிறியது. 25,000 டாலர் விலைக்கு விற்பனைக்கு வைத்தபோது வாங்குவார் யாரும் இல்லை. ‘நார்தன் டான்சர்’ என்னும் அக்குதிரைதான் 1964இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்றது. இன்று உலகெங்கும் ஓடும் பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் குலவரிசையில் அதன் பெயர் இருக்கிறது. குதிரையைப் பார்த்துப் பழகிய கண்களே அன்று ஏமாந்தன.

1973இல் ‘செக்ரட்டேரியட்’ என்னும் குதிரை பெல்மாண்ட் பந்தயத்தின் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 விநாடியில் ஓடி முடித்தது. அச்சாதனையை இன்றளவும் எக்குதிரையும் முறியடிக்கவில்லை. 1989இல் அது இறந்தபின், அதன் இதயம் 10 கிலோ அளவில் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் ஒருவர் மதிப்பிட்டார். அதற்கு நூற்றுக்கணக்கான குட்டிகள் பிறந்தன. ஒன்றேனும் தந்தைக்கு ஈடாகவில்லை. ஆனால், அதன் மகள்களுக்குப் பிறந்த பேரப்பிள்ளைகளான ‘ஸ்டார்ம் கேட்’, ‘ஏ.பி. இண்டி’ ஆகியவை பெரும் புகழ் பெற்றன.

குதிரைகளுக்கிடையே காணும் பந்தயத் திறன் வேறுபாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மரபால் வருவது என 1988இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. குதிரைகள் தம் வாழ்நாளில் வெல்லும் பரிசுப் பணத்தின் வேறுபாட்டில் மரபின் பங்கு பத்தில் ஒன்றே என 2008இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. மிகுதியெல்லாம் எங்கிருந்து வருகிறது? தாய்ப்பால், தீவனம், புல்வெளி, பயிற்சி, குதிரைக்காரரின் அன்பு, ஓட்டுபவரின் திறமை ஆகியவற்றிலிருந்தே பெரும்பாலும் வருகிறது.

இதற்குத் தமிழகத்துச் சான்று ஒன்றும் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, அங்குள்ள மன்னர்கள் ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், பேணத் தெரியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை விரைவில் மடிந்தன என்றும் எழுதி வைத்துள்ளார். அவர் கூற்றில் சற்று மிகை இருக்கலாம். எனினும், உயர்ந்த இனமாக இருந்தால் மட்டும் போதாது; பேணுவார் வேண்டும் என்னும் உண்மை அதில் விளங்குகிறது.

முடிவாகச் சில சொற்கள்

குதிரைப் பந்தயம் நம் நாட்டவருக்கும் புதிதன்று. அண்டை நாடான சிங்கப்பூரில் 1842இல் தொடங்கிய பந்தயக் கழகம் 2024 அக்டோபரில் தன் கடைசிப் பந்தயத்தை நடத்தி முடித்தது. குதிரையின் பெயரையும் பெற்றோரையும் மனப்பாடம் செய்துகொண்டு சம்பளப் பணத்தைப் பந்தயத்தில் தொலைத்த குடும்பங்களையும் நாம் கண்டிருக்கிறோம். குலவரிசையைக் கையில் வைத்திருக்கும் வல்லுநர்களே வெற்றியை முன்கூட்டி அறிய முடியாதபோது, கூலிப் பணத்தை அதில் வைப்பது அறிவுடைமை ஆகுமா? பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, மனிதர் குதிரைகள் அல்லர். மனிதரை இனம் பார்த்துத் தரம் பிரிப்பதற்கு இக்கட்டுரையில் இடமே இல்லை. குதிரைக்குக்கூடப் பிறப்பு முடிவான தீர்ப்பு அன்று என்பதையே நாம் கண்டோம். ‘தூயது’ எனப்படும் இனமே கலப்பில் தோன்றியது. பெயரில்லாத தாய் உலகப் புகழுக்கு விதையிட்டாள். விற்பனையில் எவரும் வேண்டாத குட்டி வெற்றி வாகை சூடியது.

தாயைப் போல பிள்ளை என்பது பாதி உண்மை. நூல் நன்றாயினும் நெய்பவர் கை வேண்டும், அப்போதுதான் சேலை. ஆகவே பெற்றோர்களே, ‘நம் பரம்பரையில் படிப்பு இல்லை’ என்னும் சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு விளக்கடியில் ஓர் இடமும், நாள்தோறும் ஒரு மணி நேர அமைதியும், தவறாமல் பள்ளிக்கு அனுப்பும் உறுதியும் கொடுங்கள். மற்றதை ஆசிரியர்களாகிய நாங்களும் உங்களோடு சேர்ந்து செய்வோம். ஓடும் தூரம் எதுவென்று ஒவ்வொரு பிள்ளையும் தானே கண்டுகொள்ளட்டும்.